சந்தனமேரி டீச்சரின் பொட்டாசியக் குப்பி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் குணசேகரன் ஐயா அவர்களே, டீச்சரின் கணவர் ஜெபக்குமார் அவர்களே, ஆவூரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களே, மாணவக் கண்மணிகளே! தமிழாசிரியன் உடையப்பன் உங்களை வணங்குகிறேன். மேடையைக் கண்டால் எனக்குப் பேச்சு தானாக வரும் என்பீர்கள். இன்று வரவில்லை. என் மனம் பின்னால் பூட்டிக் கிடக்கும் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே ஒரு குப்பி இருக்கிறது.

நம் வேதியியல் ஆசிரியை சந்தனமேரி! தனிம வரிசை அட்டவணையை அவர் மனப்பாடம் செய்யச் சொன்னதுண்டா? ஒருநாளும் இல்லை! தண்ணீரில் லித்தியத்தைப் போடுவார். மெல்ல நுரைத்துக் கரையும். சோடியத்தைப் போடுவார், உருண்டையாகிச் சர்ரென்று ஓடும். "அதுக்குக் கீழ பொட்டாசியம். அது என்ன செய்யும், சொல்லுங்க?" என்பார்.

"தீப்பிடிக்கும் டீச்சர்" என்றாள் ஒருநாள் மாணவி இலக்கியா.

"எப்புடிச் சொல்றே?"

"கீழ போகப் போக அணு பெருசாகுது. வெளிய இருக்குற எலக்ட்ரான் தூரமாப் போயிருது. நடுவுல இருக்குற கருவோட பிடி விட்டுப்போகுது."

"போட்டுக் காட்டுங்க டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. "அதான் சொல்லிட்டாள்ல? அப்பறம் எதுக்குப் போட்டுப் பாக்கணும்?" என்று சிரித்தார் டீச்சர். கண்ணால் காணாததையும் அறிவால் சொல்ல வைத்தாரே, ஓர் ஆசிரியருக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்!

அவர் மறுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகக் குப்பியில் இருக்கும் அந்தப் பொட்டாசியம் பழையது. மேலே மஞ்சள் படிந்துவிட்டது. கத்தியால் சீண்டினாலே வெடிக்கலாம். மண்ணெண்ணெயில் மூழ்கியே கிடக்க வேண்டும்; வற்றினால் ஆபத்து. அதை அப்புறப்படுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றோம். ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போனபோது, கட்டுமாவடிக் கடற்கரைக்குப் பஸ் ஏறிப் போய், எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் வைத்திருக்கும் படகுக்காரர்களிடம் கேட்டு வாங்கி வந்தார்.

"மண்ணெண்ணெய்க்கா டீச்சர் இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்று அவர்கள் கேட்டார்களாம்.

"எங்கிட்ட ஒரு கோவக்காரப் புள்ள இருக்குப்பா. தாகம் எடுத்தா பள்ளிக்கூடத்தையே எரிச்சிரும்" என்றாராம்.

மாரடைப்பில் அவர் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. அவர் கைப்பையில் இருந்த ஆய்வகச் சாவியை ஜெபக்குமார் அழுதுகொண்டே கொண்டுவந்து கொடுத்தார். அது இன்னும் தலைமையாசிரியர் பையில்தான் இருக்கிறது. ஏன்? யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் கதவைத் திறக்கலாமாம். போட்டால், நாளை எது குறைந்தாலும் நம் தலையில் விழும் என்று ஆளாளுக்குப் பயம்! அடுத்த அறையில் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தப் பயம் ஒருவருக்கும் இல்லையா? இந்த வெயிலில் குப்பியில் எண்ணெய் மிச்சம் இருக்கிறதா? யாருக்குத் தெரியும்? எனக்குத் தூக்கம் வரவில்லை ஐயா! கோபம்தான் வருகிறது.

மறைந்தவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி ஏற்பது வழக்கம். நான் அந்தப் பொட்டாசியத்தைத் தொடப்போவதில்லை. எனக்கு அந்த வித்தை தெரியாது. தெரிந்தவர் வந்திருக்கிறார். டீச்சரிடம் படித்து இன்று கல்லூரியில் வேதியியல் நடத்தும் ரகுநாத், தீயணைப்பு வீரர்களோடு வாசலில் நிற்கிறார். கையெழுத்துதானே வேண்டும்? இதோ, உங்கள் எல்லோர் முன்னாலும் போடுகிறேன்.

இப்போது மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்திருங்கள். நின்ற இடத்தில் நிற்க வேண்டாம். பேசாமல் மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போங்கள். குழந்தைகள் முதலில்.

தலைமையாசிரியர் ஐயா, சாவி!