இரண்டாம் நம்பர் பிஸ்டன்

— மூணுதான் இருக்கு, கொம்பையா அண்ணாச்சி. நாலாவது பிஸ்டன் எங்க?

— அது எண்ணெய்ல ஊறுது, எப்சி டீச்சர். ஸ்கூல் விட்டு வெயில்ல வந்திருக்கிய, மொதல்ல உக்காருங்க. ஒரு சர்பத் சொல்லுதேன்.

— சர்பத்து கெடக்கட்டும். எஞ்சின் எப்படி இருக்கு?

— வெள்ளத்துல முங்கி, ரெண்டு வருசம் உங்க வாசல்லயே நின்ன வண்டில்லா. நாலு லைனர்லயும் துரு ஏறிப் போச்சு. வெரல உள்ள விட்டுத் தடவிப் பாருங்க, வண்டல் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு.

— ஆத்து மண்ணு.

— ஆமா. லைனரு, பிஸ்டன், ராடு எல்லாமே புதுசு போட்டுருவோம். பழச இன்னைக்கே காயலான் கடைக்குத் தள்ளிரலாம்.

— இன்னைக்கேவா? துருப்பிடிச்ச ஆணியக்கூட டப்பால போட்டு வச்சிருக்க ஆளு நீங்க.

— கண்ணு முன்னால கெடந்தா மனசுக்குக் கஷ்டம் டீச்சர்.

— யாரு மனசுக்கு?

— உங்க மனசுக்குத்தான். வேற யாருக்கு?

— இந்தப் பிஸ்டன் தலையில புள்ளி குத்தியிருக்கு. இதுல ஒண்ணு, இதுல மூணு, அதுல நாலு.

— நாங் குத்துனதுதான். அஞ்சு வருசம் முந்தி இதே எஞ்சின நாந்தான பிரிச்சேன். எது எந்த லைனர்ல ஓடுச்சோ, அது அதுலதான் திரும்பப் போவணும். மாத்திப் போட்டா ஒத்துக்கிடாது.

— அப்ப ரெண்டு புள்ளிதான் இல்ல. அந்தச் சாக்குக்கு அடியில என்னது?

— டீச்சர், அத எடுக்காதிய!

— ரெண்டு புள்ளி. இங்கனதான இருக்கு? ஐயோ, இதோட ராடு ஏன் இப்படி வளைஞ்சு கெடக்கு? மத்ததெல்லாம் நேராத்தான இருக்கு?

— தண்ணியில கெடந்த இரும்பு, டீச்சர்.

— பத்தாங்கிளாசுக்கு அறிவியல் எடுக்கேன் அண்ணாச்சி. தண்ணியில கெடந்தா இரும்பு துருப்பிடிக்கும். வளையுமா?

— அது வந்து...

— வளையுமா?

— வளையாது. நின்ன எஞ்சின்ல தண்ணி போனா வெறும் துருதான். ஓடுத எஞ்சின்ல போனாத்தான் இப்படி. காத்து அமுங்கும், தண்ணி அமுங்காதுல்லா? பிஸ்டன் மேல வரப் பாக்கும், தண்ணி விடாது. ராடு வளைஞ்சிரும்.

— அப்ப வண்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

— ஆமா.

— எங்க வீட்டுக்காரவிய ஓரங்கட்டித் தூங்கல.

— இல்ல.

— கர்த்தாவே! ரெண்டு வருசமா எங்க அத்தை என்ன சொல்லுதாவ தெரியுமா? "பெனோ பழையபடி குடிச்சுட்டு, ஆழ்வார்திருநகரி ரோட்டுல வண்டிய நிறுத்தித் தூங்கிட்டான். வெள்ளம் வந்ததே தெரியாம செத்துப் போனான்"ன்னு. பெத்த தாயே சொன்னா ஊரு நம்பாதா? போன வாரம் சண்டே கிளாசுல ஒருத்தி எங்க ரீபாவ குடிகாரன் பொண்ணுன்னு சொல்லியிருக்கா. குடிய விட்டு ஒரு வருசம் ஆயிருந்துச்சு அண்ணாச்சி. நான் ஒருத்திதான் அத நம்புனேன். சில நாளு நானும் நம்பல.

— அவன் குடிக்கல டீச்சர். அது எனக்குத் தெரியும்.

— முழிச்சுத்தான் இருந்திருக்காவ. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருக்காவ. இந்த ராட நான் கொண்டுபோறேன். அத்தை மடியில போட்டுக் கேக்கணும். இவ்வளவு பெரிய ஆறுதல ஏன் அண்ணாச்சி சாக்குக்கு அடியில ஒளிச்சிய?

— பொறுங்க, டீச்சர். அதக் கீழ வச்சிட்டு உக்காருங்க.

— இன்னும் என்ன இருக்கு?

— ராடு வளையும்போது டங்குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் ரெண்டு வருசமா எங் காதுலயே கெடக்கு. கண்ணசந்தா கேக்கு.

— நீங்க எப்படிக் கேட்டிய? வண்டி அங்கன நின்னுச்சு, நீங்க இங்க பாளையங்கோட்டையிலல்லா இருந்திய?

— போன்ல கேட்டேன். தண்ணிக்குள்ள ஓட்டிக்கிட்டே எனக்குத்தான் போட்டான். "அண்ணாச்சி, தண்ணி பம்பருக்கு மேல வருது, வண்டிய விட்டுட்டு எறங்கி ஓடிரவா"ன்னான். நாந்தான், "ஏலே, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா சைலன்சர்ல தண்ணி ஏறி எஞ்சின் போயிரும், எடுக்காதலே, மிதி"ன்னேன்.