கீழ்த்தளத்துக் கடைசி அறை

படகில் அறை எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஜன்னலைத்தான் கேட்பார்கள். அது தேவையில்லாத ஆசை. பகல் முழுக்க மேல்தளத்தில் நாற்காலி போட்டு ஆற்றைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தூங்குகிற இடத்திலும் ஆறு எதற்கு? நான்கு நாள் பயணத்தில் அறை என்பது படுத்து எழுவதற்கு மட்டும்தான். தூக்கத்துக்கு எது இடைஞ்சல் என்று பார்த்து எடுத்தால் போதும். சமையலறைக்கு மேலே இருக்கிற அறை வேண்டாம். விடிவதற்கு முன்பே பாத்திரத்தை உருட்டத் தொடங்கிவிடுவார்கள். முன்பக்கத்து அறையும் வேண்டாம்; நங்கூரச் சங்கிலி இறங்கும்போது கட்டிலே அதிரும். வயிற்றைப் பிரட்டுகிற ஆள் என்றால் கீழ்த்தளத்தில் நடுவில் எடுக்க வேண்டும், அங்கேதான் ஆட்டம் குறைவு. முழங்கால் வலிக்காரர்களுக்குச் சாப்பாட்டு அறை இருக்கிற தளத்திலேயே கொடுத்துவிட வேண்டும்.

இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. படகுத்துறைக்கு எதிரே இருக்கிற கண்ணாடி அலுவலகத்தில் பல வருஷம் உட்கார்ந்து, திரும்பி வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆளைப் பார்த்து இலை போடுவது என்பார்கள். நான் ஆளைப் பார்த்து அறை போடுவேன். முதலாளி வெளியூரில் இருக்கிறார், மாதம் ஒருமுறை வருவார். யாருக்கு எந்த அறை என்பதை முடிவு செய்வது நான்தான்.

கீழ்த்தளத்தின் கோடியில், பின்பக்கம், ஒரு சின்ன அறை இருக்கிறது. ஒற்றைக் கட்டில். பக்கத்து அறை சாமான் போடுகிற அறை என்பதால் மனிதச் சத்தமே வராது. அமைதி வேண்டும் என்பவர்களுக்கு அதைக் கொடுப்பேன். போன வருஷக் கடைசியில் அதில் தங்கியவர்கள் தலைவலி என்று சொல்லத் தொடங்கினார்கள். ஒரு பெண் வாந்தி எடுத்ததாகச் சொன்னாள். நான் அதை மெக்கானிக்கிடம் சொன்னேன். அதை என் பொறுப்புணர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் என் மனதில் வேறு எதுவும் இல்லை.

அவர் கீழே போய் நெடுநேரம் பார்த்துவிட்டு வந்தார். கையெல்லாம் கரி.

"மேடம், ஜெனரேட்டர் புகைக்குழாய் அந்த ரூம் சுவத்துக்குப் பின்னாடிதான் போகுது. அதுல விரிசல் விட்டிருக்கு. ஜன்னலைச் சாத்திட்டா உள்ளயே தங்கிடும். பெரிசா வாசனையும் தெரியாது, அப்படியே ஆளைத் தூங்க வச்சிடும். புதுக் குழாய் வர்ற வரைக்கும் அந்த ரூமைப் பூட்டி வைங்க. முதலாளிகிட்டயும் சொல்லிடுங்க."

சரி என்றேன். அவரை அந்த வாரமே இன்னொரு படகின் எஞ்சின் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அறையைப் பூட்டினேன். முதலாளியிடம் சொல்ல மறந்துவிட்டேன். முதலில் அது நிஜமாகவே மறதிதான்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவளுக்கு நடை வந்த சமயத்தில் அவள் அப்பா இறந்துபோனார். எனக்கு இரவு வேலை. அக்காவுக்குப் பிள்ளை இல்லை, அத்தான் அப்போது உயிரோடு இருந்தார், வீடும் பெரியது. நான் ஒரு நிலைக்கு வரும் வரை குழந்தை அங்கே இருக்கட்டும் என்று விட்டேன். நிலைக்கு வந்தேன். கூட்டிக்கொண்டு வரப் போனால் அவள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். அக்கா என்னிடம், "அழ வச்சுக் கூட்டிட்டுப் போகாதடி குட்டி, கொஞ்சம் பொறு. உன் பொண்ணு எங்க போயிடப் போறா? கிணத்துத் தண்ணிய வெள்ளமா அடிச்சுக்கிட்டுப் போகும்?" என்றாள். அப்புறம் பள்ளிக்கூடம் வந்தது. அப்புறம் கல்லூரி.

அக்கா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னது கிடையாது. பெரியம்மா என்றே கூப்பிட வேண்டும் என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்து வளர்த்தாள். தன்னை அம்மா என்று கூப்பிட விட்டதே இல்லை. ஆனால் மகள் என்னையும் அம்மா என்று கூப்பிடவில்லை. என்னைப் பார்த்ததும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் நேராகப் பேச்சைத் தொடங்கிவிடுவாள். "வந்தாச்சா", "சாப்பிட்டாச்சா" என்று. அந்த ஒரு சொல் அந்த வீட்டில் யாருக்கும் இல்லாமல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் அங்கே போய் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் அவளோடு வேலை செய்கிறவன், பழுதில்லாதவன். ஒரு நாள் மதியம் அவள் என் அலுவலகத்துக்கு வந்தாள். இரண்டு காரியம் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் பெரியம்மாவைப் படகில் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ஒன்று. இன்னொன்றைக் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"கல்யாணத்தன்னைக்குப் பெரியம்மா என் பக்கத்துல நிக்கட்டும். அவங்கதானே வளர்த்தாங்க. நீங்க ஒண்ணும் சங்கடப்பட மாட்டீங்கல்ல?"

நான் சங்கடப்பட மாட்டேன் என்று சொன்னேன். அதில் சங்கடப்பட என்ன இருக்கிறது என்றும் சொன்னேன். அவளுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "நல்ல ரூமா பாத்துக் குடுங்க. பெரியம்மாவுக்குச் சத்தம் ஆகாது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுத வேண்டாம். கோபம் வந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது பேசியிருப்பேன். பெரிய சத்தம் ஓய்ந்த பிறகு காது கொஞ்ச நேரம் அடைத்திருக்குமே, அப்படி இருந்தது. அது விடவே இல்லை.

மெக்கானிக் கொஞ்சம் மிகைப்படுத்துகிற மனிதர். ஒரு திருகு கழன்றால் படகே மூழ்கிவிடும் என்பார். அதனால் அவர் சொன்னதை அப்படியே நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. அடுத்த பயணத்துக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். பணி ஓய்வு பெற்றவர், தனி ஆள். அமைதியான அறை வேண்டும் என்றார். கட்டிலுக்குப் பக்கத்தில் படிக்க விளக்கு இருக்குமா என்று கேட்டார். வீட்டில் மருமகள் கண் கெட்டுப்போகும் என்று விளக்கை அணைத்துவிடுகிறாளாம். மனைவி இருந்தவரை அவள் அணைத்தாளாம். இந்த நான்கு நாளாவது தன் விளக்கைத் தானே அணைக்க வேண்டும் என்றார். எனக்கு அவரைப் பிடித்தது. நானே படகுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, விளக்கில் புது பல்பு மாட்டினேன். விரிப்பை மாற்றச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. பையில் இதய மாத்திரை இருந்தது. வயதும் இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவரைத் துறையில் இறக்கியபோது நான் அலுவலகத்தை மூடிவிட்டுப் போய் நின்றேன். மருமகள் அழுதாள். அவர் நன்றாகத் தூங்கி எழுந்து வந்திருந்தால் நான் அந்த எண்ணத்தை அதோடு விட்டிருப்பேன். அந்த வகையில் அவருக்கும் ஒரு வாய்ப்பு இருந்தது.

மெக்கானிக் ஃபோன் செய்தார். யாரோ இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அந்த அறை பூட்டித்தானே இருந்தது என்று கேட்டார். பூட்டித்தான் இருந்தது, அவர் தங்கியது வேறு அறை என்றேன்.

அக்காவும் மகளும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே அறை வேண்டும் என்று மகள் கேட்டாள். இரண்டு கட்டில் அறைகளை ஓர் அலுவலகத்துக்காரர்கள் மொத்தமாக எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவளுக்கு மேல்தளத்தில், காற்று வருகிற பக்கம் கொடுத்தேன். அதை நான் யோசிக்காமல் செய்யவில்லை. அவள்மேல் ஒரு தூசி விழக்கூடாது. அக்காவை நானே கீழே அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். ஆற்றங்கரையில் கொசு அதிகம், ஜன்னலைத் திறக்க வேண்டாம், ஏசி போட்டுக்கொள் என்றேன்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அழுத்திப் பார்த்தாள். "நீ பாத்துக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் வாயேன் குட்டி. எங்கயாவது ஒரு மூலையில உனக்கும் இடம் இருக்காதா? உன்கிட்டப் பேசணும்" என்றாள். லீவு கிடைக்காது என்றேன். வந்த பிறகு பேசலாம் என்றேன்.

முதல் ராத்திரி கழிந்த காலையில் மகள் ஃபோன் செய்தாள். பெரியம்மாவுக்குத் தலை பாரமாக இருக்கிறது, காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள்.

"ஒத்தைக் கட்டில்ல ரெண்டு பேரா? ரெண்டு பேருக்கும் தூக்கம் கெடும்" என்றேன். "அது ஆத்துக் காத்து. புதுசா வர்றவங்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஜன்னலை நல்லாச் சாத்திக்கிட்டு, நேரத்தோட படுக்கச் சொல்லு. காலையில சரியாயிடும்."

அவள் சரி என்றாள். என் வேலையில் என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் அவள் தேநீரை எடுத்துக்கொண்டு கீழே போயிருக்கிறாள். கதவைத் தட்டி, திறக்காமல் போகவே ஆட்களைக் கூப்பிட்டு உடைத்து, அக்காவை இழுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறாள். உயிர் இருந்தது. ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். மீதியை நிறுத்த முடியவில்லை. மூளைக்குள் புகை போனால் விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகுமாம், டாக்டர் அப்படிச் சொன்னார். அக்காவால் கரண்டியைப் பிடிக்க முடியாது. யாரையும் அடையாளம் தெரியாது.

குழாயைக் கண்டுபிடித்தார்கள். மெக்கானிக்கைப் பிடித்தார்கள். நான் மேடத்திடம் சொன்னேனே என்றாராம். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளியும் எனக்குச் சாதகமாகப் பேசினார்.

கல்யாணத்தை மகள் நிறுத்திவிட்டாள். பையன் காத்திருக்கிறேன் என்றான். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் வந்து, தனியாக முடியவில்லை, வீட்டோடு வந்துவிடுங்கள் என்றாள். நான் வேலையை விட்டுவிட்டுப் போனேன். இத்தனை வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்த வீட்டில் எனக்கு ஓர் அறை கிடைத்தது.

அங்கே போன இரண்டொரு நாளில், அக்காவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, "அம்மா, அந்தத் துண்டை எடு" என்றாள் மகள். என்னிடம்தான். சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. அம்மா, தண்ணி. அம்மா, இந்தப் பக்கம் திருப்பணும், ஒரு கை குடு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாளில் அக்காவும் அதைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்து அம்மா என்றாள். என்னைத் தன் அம்மா என்று நினைத்தாளோ, வெறும் சத்தமோ தெரியாது. நான் அறையை விட்டுப் போனால் அழுவாள். மகள் அன்றைக்குத்தான், அந்தப் பயணத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள்.

நான் நன்றாக இருந்தேன். இதை மறைக்க விரும்பவில்லை. அந்த மாதங்களில் நான் யாருக்கும் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை.

நேற்று மாலை அக்காவுக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். மகள் எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஏதோ நினைத்துக்கொண்டவள் போல, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"படகுல அந்த முதல் நாள் சாயந்திரம் பெரியம்மா என்கிட்டச் சண்டை போட்டாங்கம்மா. உங்கிட்டச் சொன்னதே இல்ல. கல்யாணத்துல உன் அம்மாதான் பக்கத்துல நிக்கணும், நான் கூட்டத்தோட உக்காந்துக்கறேன்னு. அதைச் சொல்லத்தான் படகுக்கே வந்தேன்னாங்க. நீ அவளை அம்மான்னு கூப்பிடாம விட்டது என் தப்பு, அதைச் சரி பண்ணாம உன்னை அனுப்ப மாட்டேன்னாங்க. நான் சரின்னு ஒத்துக்கிட்டேன்."

நான் கேட்டுக்கொண்டேன். அக்கா வாயைத் திறந்து காத்திருந்தாள். அடுத்த கரண்டியைக் கொடுத்தேன். வாயைத் துடைத்தேன். பாத்திரத்தைக் கழுவி வைத்தேன். காலையில் அவளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று சொல்லி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். அவர் சொன்னது உண்மை. என்னிடம் சொன்னார், தெளிவாகச் சொன்னார். தெரிந்துதான் வாத்தியாருக்குக் கொடுத்தேன், தெரிந்துதான் அக்காவுக்கும் கொடுத்தேன். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். அக்கா எப்போதும் இப்படித்தான், எதையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு நேரம் கடந்த பிறகுதான் சொல்வாள். படகு ஏறுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மேல்தளத்தில் நல்ல அறையாகவே பார்த்துக் கொடுத்திருப்பேன்.