கட்டியை மட்டும்

— வெர்னெல் அக்கா, மெதுவா! பின்னல் போடச் சொன்னா தலையையே பிடுங்கற.

— ஆடாம உக்காரு டோனியா. சர்ச் ஹால்ல உன் பேபி ஷவருக்கு பலூன் ஊதிட்டிருக்காங்க. மகாராணிக்கு முடி கலையலாமா?

— உனக்குப் பொறாமை.

— ஆமாடி, பொறாமைதான். வயிறு எரியுது. ஒரே அம்மா, ரெண்டு பேர் கர்ப்பப்பையிலயும் அதே கட்டி. உனக்குக் குழந்தை, எனக்குத் தழும்பு.

— தழும்பு எனக்கும்தான் இருக்கு. கட்டியை எடுத்த மாதிரியே இந்தக் குழந்தையையும் கத்தி வச்சுத்தான் எடுக்கப்போறாங்க.

— உன் தழும்புக்கு உள்ள கர்ப்பப்பை இருக்கே! மாசாமாசம் முதல் ஞாயிறு சர்ச் வாசல்ல வெள்ளை உடுப்புல நின்னு, வர்றவங்கள உக்கார வைக்கிறது யாரு? நீ. உன் வயசுல நான் கறுப்புப் பாவாடையோட கடைசி பெஞ்ச். கறை தெரிஞ்சிடுமோன்னு செத்துப் பொழைச்சேன். அம்மா என்ன சொன்னா? "நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு ரத்தம் அப்படித்தான் போகும், வெந்நீர்ப் பை வச்சுப் படு."

— என்கிட்டயும் அதையேதான் சொன்னா.

— மயங்கி விழுந்தப்புறம்தான் மெம்ஃபிஸ்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். புற்று இல்லன்னான் அந்த டாக்டர். கர்ப்பப்பையை எடுத்துடலாம்னான். அதோட பேச்சு முடிஞ்சுது. உனக்கு மட்டும் டாக்டரம்மா கடையே விரிச்சாளாமே?

— அவங்களும் முதல்ல எடுத்துடலாம்னுதான் ஆரம்பிச்சாங்க. நான் கேட்டப்புறம்தான் மத்ததெல்லாம் வந்துச்சு. தொந்தரவு இல்லாத கட்டின்னா சும்மா கவனிச்சுட்டே இருக்கலாமாம். ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்காம். கட்டிக்குப் போற ரத்தத்தை அடைக்கலாமாம். இல்ல, கட்டியை மட்டும் எடுக்கலாம், ஆனா திரும்ப வளரலாம்னாங்க.

— கேட்டாளாம்! கேட்கணும்னு உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தா?

— நீதான்.

— நானா? நான் எப்போ சொன்னேன்?

— உன் ஆப்பரேஷன் முடிஞ்சு அரை மயக்கத்துல கிடந்தியே, அப்போ. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? கட்டியை மட்டும்?"னு அதையே சொல்லிட்டிருந்தே. எனக்குத்தான் புத்தி சொல்றியாக்கும்னு மனசுல வச்சுக்கிட்டேன். அக்கா? ஏன் பின்னுறதை நிறுத்திட்ட?

— அது உனக்குச் சொன்ன புத்தி இல்லடி. ஆப்பரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்கணும்னு நான் சொல்லிச் சொல்லிப் பார்த்து வச்சிருந்தது. அவன் வந்து நின்னப்போ எனக்கு வாய் வரல.