இரண்டு முதல் மூன்று வரை

மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை நான் புத்தகம் படிப்பேன். தில்லைநகரில் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு எதிரே கல்யாண மண்டபம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே அமைதியான மணி நேரம் சம்பளத்தோடு கிடைத்ததுதான்.

ஆஸ்பத்திரிப் படுக்கையருகே வைக்கும் மானிட்டருக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். நோயாளியின் ஆக்சிஜன் இறங்கினால் அது அலறும். அலறலை எழுதியவள் ஜென்சி. அடுத்த மேசை. பொறுப்பான பெண்; நாள் முழுவதும் சோதித்துப் பார்ப்பாள். அதாவது, நாள் முழுவதும் அலற விடுவாள்.

"மத்தியானம் மட்டும் நிறுத்தி வைக்கலாமே ஜென்சி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அலறதுதானே சார் அதுக்கு வேலை. உங்களையே எழுப்பிடுச்சுன்னா பேஷண்ட் தப்பிச்சாரு," என்று சிரித்தாள்.

நான் தூங்குவதில்லை, படிக்கிறேன். அதை அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

என் வேலை வேறு. ஆஸ்பெக்ட் என்று ஒரு நிரல்துண்டு உண்டு. அதைத் தனியாக ஓர் இடத்தில் எழுதிவைத்தால் போதும். மற்றவர் எழுதியதில் ஓர் எழுத்தும் மாறாமல், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை வேண்டிய இடங்களில் உள்ளே நுழைத்துவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. ஆனால் கம்பைலர் தனக்குள் ஒரு மரம் வரைந்து வைத்திருக்கும்: எந்தக் கோப்புக்குள் எந்தப் பகுதி, எதை எது தொடுகிறது என்று. நான் செய்த கருவி அந்த மரத்தில் கிளை கிளையாக இறங்கி, ஆஸ்பெக்ட் தொட்ட வரிகளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போடும். அம்பு இல்லையென்றால் யாரும் தொடவில்லை என்று பொருள். அலுவலகத்தில் இதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றியதில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன்.

ஆகவே பதினொரு வரியில் ஓர் ஆஸ்பெக்ட் எழுதினேன். இரண்டிலிருந்து மூன்று வரை அலறல் கேட்காது. அலறியதாகப் பதிவு மட்டும் விழும். என் கருவி அந்தக் கிளைக்கு வந்ததும் இறங்காமல் தாண்டிப் போக இன்னொரு வரி.

இரண்டே நாளில் ஜென்சி வந்தாள். "சார், மத்தியானம் மட்டும் சத்தம் வரமாட்டேங்குது. என் கோட்ல அம்பே இல்ல. ஸ்பீக்கரா இருக்குமோ?"

"இருக்கும்மா," என்றேன்.

புது ஸ்பீக்கர் மாட்டினாள். பிறகு காலையிலேயே சோதித்து முடிக்கப் பழகிக்கொண்டாள்.

மென்பொருள் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் நாளில் அந்தப் பதினொரு வரியை எடுக்க மறந்துவிட்டேன் என்று சொல்லும்படி என் வக்கீல் சொல்கிறார். மறக்கவில்லை. எடுத்தால் அடுத்த மேசை மறுபடி அலறும். எண்ணூறு பக்க நாவலில் நான் முந்நூறாவது பக்கத்தில் இருந்தேன். தவிர, மதிய வேளையில் நோயாளியின் பக்கத்தில் யாராவது இருப்பார்கள் என்று கணக்குப் போட்டேன்.

இருந்தார்கள். துறையூர்ப் பக்கத்து விவசாயி பிச்சமுத்துவுக்கு ஆக்சிஜன் இறங்கியபோது மணி இரண்டு இருபது. பக்கத்தில் அவர் மனைவி இருசம்மாள். விசாரணையில் அந்த அம்மா சொன்னதை நானும் கேட்டேன்.

"மிஷினு கத்துனா கூப்பிடுங்கன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போச்சுங்க. அவருக்கு மூச்சு இழுத்துச்சு. மிஷினுதான் கத்தலையேன்னு உக்காந்துட்டேங்க."

பிச்சமுத்து இறந்ததற்கு, அலறலை எழுதியவள் என்பதால் ஜென்சி மீது வழக்கு. அவள் நிரலை யாராவது தொட்டார்களா என்று பார்த்துச் சொல்ல, நிபுணராக என்னையே அழைத்தார்கள். கருவியைத் திறந்து காட்டினேன். "அம்பு இல்லை," என்றேன். தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், நான் பொய் சொல்லவில்லை.

ஜென்சி இருபத்தாறு நாள் சிறையில் இருந்தாள். அடுத்த மேசை காலி. நாவலை முடித்துவிட்டேன்; முடிவு சுமார்தான்.

பிறகு உங்கள் நிபுணர் சேக் மைதீன் வந்தார். என் கருவியைத் தொடாமல் மரத்தில் தானே இறங்கினார். ஒரு மணி நேரம்தான். "கலையரசன் சார், ஒரு கிளைய மட்டும் தாண்டிப் போறீங்களே, ஏன்?" என்றார். குரலை உயர்த்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆம், செய்தது நான்தான். ஆனால் கொலை என்பது கொஞ்சம் அதிகமாகச் சத்தம் போடும் சொல். நான் கேட்டது ஒரு மணி நேர அமைதி.

ஜென்சியை விட்டுவிட்டார்களாம். சந்தோஷம். அவள் மறுபடி வேலைக்கு வந்தால் மேசையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நான் திரும்பி வரும்போது மறுபடியும் ஒரு சங்கடம் வேண்டாம்.