ஒன்பதாவது கடிதம்

புத்தகத்தைத் திறந்ததும் மோந்து பார்ப்பேன். எந்தப் பதிப்பு என்பதை என் மூக்கே சொல்லிவிடும் என்பார்கள். அம்பத்தூரில் அந்தப் படிப்பகத்தை நடத்தியவன் நான்.

ஓர் அரசியல் எழுத்தாளர் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள், இரண்டு பதிப்பும் எங்களிடம் இருந்தன. முதல் பதிப்பின் ஒன்பதாவது கடிதம், அடித்தவனைச் சும்மா விடாதே என்று கொதிக்கும். எண்பத்தொன்றில் வந்த இரண்டாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். அதில் ஒன்பதாவது, பெண் குழந்தையைப் படிக்க வை என்று மனைவிக்கு எழுதியது.

எண்பத்தாறில் பாடித் தொழிற்சாலை ஒன்றின் ஃபோர்மேன் பரந்தாமனை யாரோ குத்திக் கொன்றார்கள். அவரோடு முந்தைய வாரம் கைகலந்த தொழிலாளி துலுக்கானத்தைப் போலீஸ் பிடித்தது. அவன் டைரியில் இப்படி இருந்தது: "ஒன்பதாவது கடிதம் படித்தேன். கவலை தீர்ந்தது. முடிவு செய்துவிட்டேன்."

அவன் எங்கள் படிப்பகத்தில் புத்தகம் எடுப்பவன் என்பதால், எந்தப் பதிப்பு என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து கேட்டார். யார் எதை எடுத்துப்போனார்கள் என்று நாங்கள் எழுதிவைப்பதில்லை. ஆனால் 'கவலை'யின் லை பழைய முறையில், தும்பிக்கை போட்டு எழுதியிருந்தது. முதல் பதிப்பின் அச்சும் அப்படித்தான்; இரண்டாவது புது எழுத்தில் வந்தது. முதல் பதிப்பு என்றேன். கோர்ட்டிலும் சொன்னேன். பத்திரிகையில் என் படம் வந்தது.

தீர்ப்புக்கு இரண்டு நாள் முன்பு அவன் மனைவி வேம்புலியம்மாள் வந்தாள்.

"அண்ணாத்தே, இந்த புக்கத்தான் அவரு படிச்சிகினு இருந்தாரு. துணி மூட்டைல கெடந்துச்சு. பொண்ண இஸ்கூல்ல சேக்கணும்னு முடிவு பண்ணாரு. இத்த காட்னா உட்ருவாங்களா?"

இரண்டாம் பதிப்பு. எங்கள் முத்திரையே இருந்தது. ஒன்பதாவது கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 'கலைச்செல்வி, ஒன்றாம் வகுப்பு' என்று எழுதியிருந்தான். அதிலும் லைக்குத் தும்பிக்கை. சின்ன வயதில் பழகிய எழுத்து. அச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"என்கிட்ட குடும்மா. நானே கோர்ட்டுல சேத்துடறேன்" என்றேன்.

அன்று மதியம் டீக்கடை அடுப்பில் வைத்தேன். நல்ல கட்டு. எரிய நேரமாயிற்று. துலுக்கானத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. பதிப்பு விஷயத்தில் நான் தவறியதில்லை என்று ஊரே நம்பியது, அவ்வளவுதான்.

ஆயுள் தண்டனை. நாலாவது வருஷம் சிறையிலேயே இறந்துபோனான். கலைச்செல்வி பள்ளிக்கூடம் போகவில்லை. ஆவடியில் வீட்டு வேலை செய்கிறாள். வேம்புலியம்மாளுக்குப் படிப்பகத்தைப் பெருக்கும் வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"அந்த புக்கக் குடுத்துங்கூட ஏன் அண்ணாத்தே நம்பல?" என்று இப்போதும் சில நாள் கேட்பாள்.

"படிச்சாங்கம்மா. அவங்களுக்குப் புரியல" என்பேன். அவளுக்கும் ஓர் ஆறுதல் வேண்டும் அல்லவா. அதை நான் இன்றுவரை குறையில்லாமல் கொடுத்துவருகிறேன்.