மூன்று மணி மெயில்

எனக்குச் சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. ஐம்பத்தேழு வயதில் தினமும் செம்பாக்கம் ஏரிக்கரை வரை நடந்து திரும்பி, அதற்குப் பிறகுதான் காபி போடுவேன். கேம்ப் ரோடு டாக்டர், "உங்களுக்கு நாற்பது வயசு உடம்பும்மா" என்று சொல்லியிருக்கிறார். இதை முதலில் சொல்லக் காரணம், ஏதோ தள்ளாமையில் செய்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதுதான். நிதானமாகத்தான் செய்தேன்.

முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்தேன். இரண்டு ஊர்களைச் சேர்த்து வைப்பது வேலை. சேர்த்தபின் காதை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. நான் எடுத்ததில்லை. ஒருமுறை ஒரு சாவுச் செய்தியைக் கல்யாண வீட்டுக்குச் சேர்த்துக் கொடுத்தேன். போனை எடுத்த பெண் போட்ட சத்தம் பல நாள் காதைவிட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு சில அழைப்புகளுக்கு, "லைன் கிடைக்கலை சார்" என்று சொல்லிவிடுவேன். யாருக்கு எது, எப்போது போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. எனக்குத் தெரியும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் சாலமோன். துர்கா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு புனேவுக்குப் போனான். எங்கள் சபையில் இல்லாத பெண். அவளை என் வாசலில் ஏற்றவில்லை. எப்போதாவது போன் செய்வார்கள். எங்கள் வீட்டில் போனை எடுப்பது நான்தான். "அம்மா" என்பான் அவன். "அத்தை" என்பாள் அவள். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிடுவேன். கோபமாகச் சொன்னதில்லை. எக்ஸ்சேஞ்சில் சொல்வதுபோல, மரியாதையாகவே சொல்வேன்.

சின்னவள் ஜெயப்ரியா. அமெரிக்க டாக்டர்கள் பேசிய டேப்பைக் கேட்டு டைப் அடிக்கும் வேலை. 2004 ஜனவரியில், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று அவள் ஆபீசில் வி.பி.என். என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். காலை ஆறு மணிக்கு உட்காருவாள். மோடம் ஊளையிட்டு அடங்கும். மதியம் இரண்டு வரை எங்கள் போன் எங்கேஜ்தான். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டரை அப்படியே ஷட்டவுன் செய்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்துவிடுவாள்.

அந்த மாதத்திலிருந்து அவளுடைய மெயில் வேலை செய்யவில்லை. அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்தால் சர்வருடன் இணைக்க முடியவில்லை என்று வரும். பாஸ்வேர்டு கேட்கும். சரியாக அடித்தாலும் மறுபடி கேட்கும். கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த மகேஷை வரச் சொன்னாள். அவன் வந்தபோது அவள் பேங்குக்குப் போயிருந்தாள்.

"இன்னா ஆண்ட்டி, நெட்டு நல்லாத்தான் கீது. மெயிலுதான் பேஜார் பண்ணுதா?"

"ஆபீஸ் லைன் போட்டதுலேர்ந்துதான்ப்பா."

"அதான பார்த்தேன். இந்த வி.பி.என். ஒரு சுரங்கம் மாதிரி ஆண்ட்டி. உங்க வூட்டுலேர்ந்து நேரா ஆபீஸ். உள்ள பூந்துட்டா தெருவுக்கு வழி கெடையாது. மெயிலு தெருவுல நின்னுகினு கதவைத் தட்டிக்கினு கீது. யாரு தொறப்பா?"

"அப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வாணாம். ஆபீஸ் லைனை மட்டும் கட் பண்ணிட்டு, நெட்டை வெச்சுக்கினு, செண்ட் ரிசீவ் அமுக்கணும். இங்க ஒரு டிக்கு கீது பாருங்க, இத்தை எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணா ஓடும். ஆனா ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் எடுக்கணும். அக்காகிட்ட சொல்லிடுங்க, அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே அமுக்கிக் காட்டினான். ஐந்து மெயில்கள் விழுந்தன. ஐந்தும் சாலமோனிடமிருந்து.

மகேஷ் போன பிறகு படித்தேன். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தான். அதை வாய்விட்டுப் படித்தால்தான் புரியும். அதனால் அவன் பேசியதை என் வாயாலேயே என் காதில் கேட்டேன். "பாப்பா, ரெண்டு கிட்னியும் போச்சுன்னு சொல்லிட்டாங்க. துர்காவோடது எனக்குச் சேராதாம். கூடப் பிறந்தவங்க, பெத்தவங்க யாராவது ஓ பாசிட்டிவ் இருந்தா நல்லதுங்கறாங்க. நீ ஓ பாசிட்டிவ்தானே? வந்து ஒரு டெஸ்ட் மட்டும் எடுத்துப் பாரேன்."

ஜெயா வந்து கேட்டாள். "மகேஷ் என்னம்மா சொன்னான்?"

"சர்வர் பக்கம் ஏதோ கோளாறாம். தானா சரியாகுமாம். நீ பாட்டுக்கு எழுதி வை, அதுவா போய்க்கும்னான்."

நான் மறைத்தது அந்த ஒரு வாக்கியம்தான். ஆபீஸ் லைனைக் கட் செய்துவிட்டு அமுக்கு என்பது.

அதன் பிறகு தினமும் மூன்று மணிக்கு, அவள் தூங்கும்போது, நான் நெட்டை மட்டும் போட்டு மெயிலை இறக்குவேன். அவன் எழுதியதைப் படித்துவிட்டு அழிப்பேன். அவள் எழுதி வைத்ததையும் எடுத்துவிடுவேன். அவுட்பாக்ஸில் இல்லாததால் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் சந்தேகப்பட்டு பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தாள். நான் இறக்கியதெல்லாம் அங்கே இருக்காது. காலி. "அண்ணனுக்கு நான் வேண்டாம்போல" என்றாள். "சரி, சாப்பிடு" என்றேன்.

உங்களுக்குக் கொடுமையாகத் தெரியலாம். யோசித்துப் பாருங்கள். அவளுக்கு இருபத்தாறு வயது. அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்துகொண்டிருந்தது. இடுப்பில் தையலோடு, ஒற்றைக் கிட்னியோடு யார் கட்டுவார்கள்? ஒரு பிள்ளையாவது முழுதாக இருக்கட்டும் என்று ஒரு தாய் நினைப்பது தப்பில்லை. அந்தச் சம்பந்தம் பிறகு அமையவில்லை. அது வேறு விஷயம்.

ஜூன் மாதம் அவன், "பதிலே இல்லையே பாப்பா" என்று கேட்டிருந்தான். அப்படிக் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் எழுதுவதுபோலவே எழுதினேன். "அண்ணா, எனக்குப் பயமா இருக்கு. இதைப் பத்தி இனிமே எழுதாதே." அவுட்பாக்ஸிலிருந்து அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நவம்பரில் ஒரு மாலை போன் அடித்தது.

"அத்தை, வைச்சிராதீங்க. ஒரே நிமிஷம். அவரு..."

"ராங் நம்பர்."

பழக்கத்தில் வந்துவிட்டது. வைத்த பிறகுதான் அவள் குரல் எப்படி இருந்தது என்று தோன்றியது. முப்பது வருடம் கேட்டவள், எனக்குத் தெரியாதா.

நாலு நாள் கழித்து ஜெயாவுக்குத் துர்காவிடமிருந்து தபால் வந்தது. சாலமோன் இறந்த தேதியும் நேரமும், கீழே ஒரு வரியும். "கேட்டும் வராதவங்களுக்குச் சொல்ல என்கிட்ட வேற ஒண்ணும் இல்லை." ஜெயா அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னை யாரும்மா கேட்டாங்க? எப்போ கேட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்றும் கேட்கிறாள். சில நாள் டைப் அடித்துக்கொண்டே கேட்கிறாள்.

இனி மெயில் வராது என்று நினைத்தேன். மறுநாள் மூன்று மணிக்கு ஒன்று வந்தது. ஜூன் மாதம் வந்த அதே பதில். அழித்தேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். மகேஷைக் கடைத்தெருவில் பார்த்தபோது, யாருக்கோ நடப்பதுபோலக் கேட்டேன்.

"பெரிய மெயிலா ஆண்ட்டி? ரிப்போர்ட்டு, போட்டோ எதாச்சும் ஒட்டியிருப்பாங்க. அத்தை இறக்கி முடிக்கசொல்ல லைன் அறுந்துடும். நீங்க வாங்கிக்கினீங்கன்னு சர்வருக்குத் தெரியாது. அதான் குடுத்துக்கினே கீது."

"எப்ப நிறுத்தும்?"

"வாங்கிக்கினேன்னு நீங்க சொன்னாத்தான்" என்று சிரித்தான்.

ஜூனில் ஒரே முறை வந்தது, நவம்பருக்குப் பிறகு ஏன் தினமும் வருகிறது என்று நான் கேட்கவில்லை.

வரும் திங்கட்கிழமை பிராட்பேண்ட் வருகிறது. ஆபீசில் அனுமதி வாங்கிவிட்டாளாம். மகேஷ் வந்து அந்த டிக்கை எடுத்துவிடுவான். அதன் பிறகு மெயில் நேராக அவள் முன்னால் விழும். அதனால்தான் உங்களிடம் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாலமோன் சாகும்படி செய்தது நான். ஜெயா இல்லை. அதில் எனக்குக் குழப்பம் எதுவும் இல்லை.

அந்த மெயிலில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நூறு தடவைக்கு மேல் வாய்விட்டுப் படித்தாகிவிட்டது, மனப்பாடம்.

"பரவால்ல பாப்பா. பயப்படாதே. உன்மேல எனக்கு வருத்தமே இல்லை. ஒண்ணே ஒண்ணு. அம்மாவும் ஓ பாசிட்டிவ்தான், தெரியும். ஆனா அம்மாகிட்ட சொல்லிடாதே. தெரிஞ்சா அடுத்த ரயில்லயே கிளம்பி வந்து தன்னோடதை எடுத்துக்கோன்னு நிப்பாங்க."

தினமும் மூன்று மணிக்கு இதைப் படித்துவிட்டு அழிக்கிறேன். யாரைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொழிலில் இதற்கு ராங் நம்பர் என்று பெயர்.