கூறி வித்த சனிக்கிழமை

— ஒரு வருசத்துச் சனிக்கிழமை முழுக்க நாலாயிரத்து ஐந்நூறு ரூபா. அந்த விலையை வைச்சது நானில்லைப் பிள்ளை. கூறினது உவன் எமில்ராஜ். விரலைத் தூக்கினது நான், காசை வைச்சது நான். இப்ப இந்த ஐஸ் அறையைப் பூட்டவெண்டு பூட்டோடை வந்து நிக்கிறதும் நான். விளங்குதே?

— விளங்கேல்லை, அருட்பிரகாசம் ஐயா. போன கிழமை நீங்கள் விரலைத் தூக்கினதைக் கண்டிட்டு, பிளேன்ரீ கேக்கிறியள் எண்டு நினைச்சுக் குடுத்தனாங்கள். அதையும் குடிச்சனியள்.

— குடிச்சனான். சீனி கூட.

— முதலாளி, அது பாட்டு. மாதாவாணை, வெறும் பாட்டு. தயாளினித் தங்கச்சி ட்ரொம்போனை ஊதி முடிச்சிட்டு என்னைப் பாத்துத் தலையை ஆட்டினா. என்ரை முறை வந்திட்டுது. எனக்கு என்ன இங்கிலீசுப் பாட்டே தெரியும்? விடியக்காலமை சந்தையிலை உங்கடை மீனை ஏலம் கூறுறனே, அந்தக் கூறல்தான் வாயிலை வந்தது.

— நல்லாத்தான் கூறினனி. "குருநகர்ச் சனிக்கிழமை, துடிக்கத் துடிக்கச் சனிக்கிழமை, வருசம் முழுக்க வாற சனிக்கிழமை, ஆர் கேக்கிறியள்?" உங்களைப் பேசிப்போட்டுப் போக வாசலுக்கு வந்த மனிசன் நான். அந்த மர வாங்கிலை குந்தி இருந்திட்டன்.

— பாத்தியளே, இருந்திட்டியள்! இங்கை வாற எல்லாருக்கும் உதுதான் நடக்கிறது. நெல்லியடித் தவில்காரர் சீவரத்தினம் அண்ணை, "உதென்ன தாளக் குழப்படி" எண்டு கேக்க வந்தவர். இப்ப டிரம்ஸுக்குப் பக்கத்திலை அவருக்கெண்டு தனி ஸ்ரூல். எமில் அண்ணை ஏன் வந்தவர் தெரியுமே? மீனில்லாமல் ஆரோ கூறுறாங்கள் எண்டு பாக்க வந்தவர். ஜாம் எண்டால் எல்லாரும் சேந்து வாசிக்கிறது, ஆர் வந்தாலும் ஒரு முறை குடுப்பம், ஐயா. தெரிஞ்சதை வாசிச்சாச் சரி. உங்களுக்கும் தருவம்.

— எனக்கு முறை வேண்டாம், அமைதி வேணும். எனக்கெண்டுமில்லை, பக்கத்திலை நான் கட்டின லொட்ஜுக்கு. கனடாவிலையிருந்து வாறவன் ஜன்னலைத் திறந்தால் கடல் சத்தம் கேக்கவேணுமெண்டு காசு தாறான். திறந்தால் கேக்கிறது உங்கடை பேய்க்கத்தல்.

— ஜாஸ், ஐயா.

— பேர் வைச்சாப்போலை கத்தல் பாட்டாகுமே? பாட்டெண்டால் தொடங்கின இடத்துக்குத் திரும்பி வரவேணும். உங்களிலை ஒருத்தன் ஒண்டைத் தொடங்க, மற்றவன் பறிச்சுக்கொண்டு எங்கையோ ஓடுறான்.

— காலமை மீன் சந்தையிலை நீங்கள் செய்யிறது வேறை என்ன? எமில் அண்ணை ஆயிரம் எண்டுவார். நீங்கள் காதைச் சொறிவியள், அது ஆயிரத்து நூறு. பாசையூர்க்காரர் ஒரு இருமல் இருமுவார், இருநூறு. ஒருத்தர் கேட்டதை மற்றவர் திருப்பிக் கேக்கிறேல்லை. கையை உதறிப்போட்டுப் போறதுமில்லை. நாங்களும் அதைத்தான் செய்யிறம். கூறுறதுக்கு மீன்தான் இல்லை.

— உந்த வாயை வைச்சுக்கொண்டு ஏன் பிள்ளை ஊதிக்கொண்டு திரியிறாய்? என்ரை கடைக்கு வா, சம்பளம் தாறன். ஆனால் இப்ப கேள். இந்த ஐஸ் அறை கடற்றொழிலாளர் சங்கத்தின்ரை. உங்களை நான் எழுப்பேலாது. பொலிசுக்குப் போனன், நேரத்துக்கு முடிக்கினம்தானே எண்டு அனுப்பிவிட்டான். அதாலைதான் வாங்கினன். உறுதி எழுதி இல்லை, கூறலிலை. குருநகரிலை நொத்தாரிசின்ரை கையெழுத்தைவிடக் கூறல் பெலம்.

— சரி, கூறல் வழக்கப்படியே கதைப்பம். கரைக்கு வராத மீனைக் கூறலாமோ?

— கூறேலாது.

— இனி வாற சனிக்கிழமையள் இன்னும் கரைக்கு வரேல்லை, ஐயா. நாங்கள் வாசிச்சு முடிச்சால்தான் அது மீன். போன சனிக்கிழமையை வேணுமெண்டால் கொண்டு போங்கோ. ஐஸ் போட்டுக் கட்டித் தாறன்.

— கெட்டிக்காரி. அப்ப கரைக்கு வராததைக் கூறினது ஆற்றை பிழை? திங்கட்கிழமை சந்தை நடுவிலை நிண்டு கேக்கிறன். என்ன சொல்லுவாய், எமில்?

— முதலாளி...

— அது பகிடியெண்டு எல்லாருக்கும் தெரியும், ஐயா!

— இன்னும் நல்லது. எமில்ராஜ் பகிடிக்கும் கூறுவான். அப்ப அறுக்குளா மீனைக் கூறேக்கை அது பகிடியோ, உண்மையோ எண்டு அவனவன் கேப்பான்.

— அவர் உங்கடை காசைத் தொடவுமில்லை. அந்தா, நீங்கள் வைச்ச இடத்திலேயே கிடக்குது, டிரம்ஸ் சிம்பலுக்குக் கீழை.

— தொட்டால் என்ன, விட்டால் என்ன? கூறினான், கேட்டன். பிள்ளை, நீ தோட்டக்காரற்றை பெட்டை, உனக்கு விளங்காது. கூறுறவனுக்கு வள்ளமில்லை, வலையில்லை. வாய்தான் அவன்ரை முதல். அந்த வாயிலை ஓட்டையெண்டு நான் சொன்னால், பிறகு ஒரு வள்ளமும் உவனுக்கு முன்னாலை மீனைக் கொட்டாது. நீ வெல்ல வெல்ல அவன்தான் தோக்கிறான். விளங்குதே?

— ஓம். இப்ப விளங்குது.

— தங்கச்சி, ஏன் ட்ரொம்போனைப் பெட்டிக்கை வைக்கிறாய்?

— வேறை என்ன செய்ய, அண்ணை? சனிக்கிழமை போனால் நான் உடுவிலிலை எங்கடை வாழைக்குள்ளை நிண்டு ஊதுவன். உங்கடை பேர் போனால் வீட்டிலை அடுப்பெரியாது. ஐயா, பூட்டைத் தாங்கோ. நானே பூட்டுறன். திங்கட்கிழமை நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

— இது வியாபாரம். இந்தா, பிடி.

— வாங்காதை, தங்கச்சி.

— விடுங்கோ அண்ணை, போகட்டும்.

— வாங்காதை எண்டுறன்! முதலாளி, ஒரு விசயம் கேக்கவேணும். அண்டைக்கு நான் கூறேக்கை நீங்கள் எந்த இடத்திலை எழும்பிப் போனியள்?

— விலை படிஞ்ச உடனை. நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேலை ஒருத்தரும் கேக்கேல்லை. நான் காசை வைச்சன்.

— ஒருதரம் எண்டு கூறினனான். கேட்டுதே?

— கேட்டது.

— ரண்டுதரம்?

— அதுவும் கேட்டது. எழும்பினன். நான் கேட்ட விலைக்கு மேலை இந்தக் கரையிலை ஆர் போறவன்? மிச்சத்தைக் கேட்டுக்கொண்டு நிக்கிற பழக்கம் எனக்கில்லை.

— அது எனக்குத் தெரியும். எத்தினை வருசமா உங்கடை முதுகைப் பாத்துத்தானே மூண்டுதரம் கூறுறன். அண்டைக்கும் முதுகைத்தான் பாத்தன். உங்கடை லொட்ஜ் ஜன்னலும் தெரிஞ்சுது. இந்த மனிசன் பாட்டுக்கு விரல் தூக்கேல்லை எண்டு அப்பதான் விளங்கினது. வாயை மூடினன். டிரம்ஸிலை இருந்த டிலக்ஷனுக்குத் தலையை ஆட்டினன், அவன் தாளத்தை எடுத்திட்டான். மூண்டாந்தரம் நான் கூறவேயில்லை.

— என்னடா சொல்லுறாய்?

— இருந்த ஆக்களை ஒவ்வொருத்தராக் கேளுங்கோ.

— ஐயோ, ஓமண்ணை! பாட்டு அந்தரத்திலை நிண்டது! நீங்கள் மறந்துபோனியள் எண்டு நினைச்சு, நான் அந்த இடத்தை ஊதி நிரப்பினன்!

— மறக்கேல்லை, தங்கச்சி. விழுங்கினன்.

— பேந்து ஏன் இதை இவ்வளவு நேரமும் சொல்லாமல் நிண்டனி?

— பயம், முதலாளி. விலை ஏறி நிக்கிற பெரிய ஆளுக்கு மூண்டாந்தரத்தைக் கூறாமல் விடுறது மூஞ்சையிலை அடிக்கிற மாதிரி. எனக்கும் தெரியும். நீங்கள் சிரிச்சுப்போட்டு விட்டிடுவியள், நானும் சொல்லாமலே இருந்திடலாம் எண்டு பாத்தன். நீங்கள் பூட்டோடை வந்திட்டியள்.

— சரி. இப்ப கூறு. விலை நிக்குது, நான் நிக்கிறன். கூறு மூண்டுதரம்.

— மாட்டன்.

— பத்தாயிரம்.

— கேட்டுது.

— இருபத்தையாயிரம்!

— ஐயா, வேறை ஒருத்தரும் கேக்கேல்லை. உங்களுக்கு மேலை நீங்களே ஏறுறியள்.

— நீ சும்மா இரு பிள்ளை! எமில், கடைசியாச் சொல்லுறன். திங்கள் தொடக்கம் என்ரை மீன் ஒண்டு உன்ரை வாய்க்கு வராது.

— வேறை ஆளை வைச்சுக் கூறுங்கோ. நட்டம்தான், வீட்டிலையும் பேச்சு வாங்குவன். ஆனால் வாயிலை ஓட்டையெண்டு மட்டும் நீங்கள் சொல்லேலாது. படியாததைப் படிஞ்சதெண்டு நான் ஒரு நாளும் கூறினதில்லை. சந்தையிலை கூறுறது முழுக்க மற்றவன்ரை மீன், முதலாளி. இங்கை கூறினது ஒண்டுதான் என்ரை. அதை நான் குடுக்கமாட்டன்.

— விலை கேட்டவனை அந்தரத்திலை விட்டிட்டு எத்தினை நாளைக்கடா கூத்தாடுவாய்?

— சனிக்கு சனி. தங்கச்சி, பெட்டியைத் திற. அந்தா ஆக்கள் வருகினம். விட்ட இடத்திலையிருந்து எடுப்பம்.

— எந்த இடம், அண்ணை?

— ரண்டுதரத்திலை. முதலாளி, போறதெண்டால் கணக்கைக் கேட்டிட்டுப் போங்கோ. நீங்கள் வைச்ச காசு, சிம்பலுக்குக் கீழை, சதம் குறையாமல் திருப்பித் தாறம். கேட்ட விலை இருபத்தையாயிரம், படியேல்லை. ஒருதரம், கூறியாச்சு. ரண்டுதரம், கூறியாச்சு. மூண்டுதரம், நான் சாகுமட்டும் நிலுவை.